தளக்கல்லும் தங்கையின் அடுப்பும்

மழைத் தண்ணீரைத் தன் வீட்டை விட்டு விரட்ட எல்லோருக்கும் தெரியும். விரட்டிய தண்ணீர் எங்கே போகும் என்று யாரும் கேட்பதில்லை. இருபது வயதில் நான் அந்த எல்லோருக்கும் தலைவனாக இருந்தேன்.

பாளையங்கோட்டைக்கு வெளியே ஒரு தென்னந்தோப்பை வாங்கி, அப்பா நான்கு வீடுகள் கொண்ட வளவு ஒன்று கட்டினார். சரிவான நிலம். மேட்டு வீடு எங்களுக்கு. பள்ளத்து வீட்டை ஆழ்வார்குறிச்சிப் பிள்ளை ஒருவர் வாங்கினார். அவர் மகனுக்குத்தான் என் தங்கை காந்திமதியைப் பேசியிருந்தது.

“புது வீட்டுல பால் பொங்கட்டும் வே, கையோட தாம்பூலம் மாத்திக்கிடுவோம்” என்று பிள்ளை அப்பாவிடம் சொல்லியிருந்தார்.

நான் கல்லூரியில் எஃப்.ஏ. முடித்து வேலைக்குக் காத்திருந்தேன். (மரியாதைக்குச் சொல்கிறேன். சும்மா இருந்தேன்.) ஒரு வாரம் பட்டணம் போய் அங்கே கல் பாவிய தெருக்களைப் பார்த்து வந்ததிலிருந்து மண்ணைக் கண்டாலே எனக்கு அருவருப்பு. வளவின் பொது முற்றத்தில் வாழை நின்ற ஒரு குழி இருந்தது. எவ்வளவு மழை பெய்தாலும் அதற்குள் தேங்கி, பைய மண்ணுக்குள் போய்விடும். வாழையை வெட்டினேன். குழியைத் தூர்த்தேன். முற்றம் முழுவதும் கல் பாவி, சுண்ணாம்புச் சாந்து பூசி, ரசமட்டம் வைத்துச் சரிவு கொடுத்தேன்.

“ஏலே, தண்ணி எங்கன போகும்?” என்றார் அப்பா.

“கீழ போயிரும்ப்பா. இங்க ஒரு சொட்டு நிக்காது.”

ஐப்பசியில் பால்காய்ப்பு. எல்லா வீட்டையும் போலப் பிள்ளை வீட்டிலும் அடுப்பு தரையோடுதான் இருந்தது. பால் ஓரத்தில் நுரைத்து, பெண்கள் குலவையிட வாயெடுத்த நேரத்தில் மழை கொட்டியது.

நான் சொன்னது பொய்க்கவில்லை. எங்கள் வாசலில் ஒரு சொட்டுக்கூட நிற்கவில்லை. நான்கு கூரைத் தண்ணீரும் முற்றத்துத் தண்ணீரும் என் சரிவில் ஊர்வலமாக இறங்கி, பிள்ளை வீட்டு நடை தாண்டி, கூடம் தாண்டி, அடுக்களைக்குள் போய் அடுப்பில் உட்கார்ந்தன. நெருப்பு ‘உஸ்’ என்றது. எழும்பிய பால் அடங்கியது.

பிள்ளையின் அக்காதான் முதலில் வாய் திறந்தாள்.

“பொங்குத பால் அடங்கிட்டே! தம்பி, இந்தச் சம்பந்தம் நமக்கு வேண்டாம்.”

பிள்ளை கணுக்கால் தண்ணீரில் நின்றபடி, “யாரு வே தளம் போட்டது?” என்றார். அப்பா என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. மற்ற எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

வெளியே ஓடினேன். மேட்டு வீட்டு ஜன்னலில் காந்திமதி நின்றாள். அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. கொட்டகையிலிருந்து கடப்பாரையை எடுத்து, பழைய குழி இருந்த இடத்தில் என் கையால் பாவிய கல்லை என் கையால் பெயர்த்தேன். (புதுக் கறுப்புக் கோட்டு வேறு.) இரண்டாவது கல் அசையவே இல்லை. சாந்து அவ்வளவு கெட்டி. அந்த நிலையிலும் எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது.

பக்கத்தில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மாப்பிள்ளை வந்து நின்றார். கையில் மண்வெட்டி.

“மச்சான், எங்கன தோண்டணும்?”

வாசல் வரை வந்திருந்த பிள்ளைக்கு அது கேட்டுவிட்டது. அக்காவைத் திரும்பிப் பார்த்தார்.

“அவனே மச்சான்னுட்டான். இனி நாம என்னத்தப் பேச? போய் அடுப்பைப் பத்த வைங்க.”

இருவருமாகக் கல்லைப் பெயர்த்துத் தோண்ட, குழி வாயைத் திறந்து தண்ணீரைக் குடிக்கத் தொடங்கியது. அடுக்களைத் தரை மட்டும் காயவில்லை. பெயர்த்த கற்களையே உள்ளே சுமந்து போய் இடுப்பு உயரத்துக்கு அடுக்கி, அதன் மேல் அடுப்பு மூட்டினார்கள். பால் பொங்கியது.

அந்த அடுப்பை இதுவரை இறக்கவில்லை. தென்பாண்டிப் பெண்கள் எல்லாம் குனிந்து ஊத, காந்திமதி நிமிர்ந்து நின்று சமைக்கிறாள். வருகிறவர்கள் அதிசயப்பட்டுக் கேட்டால், சிரிக்காமல் பதில் சொல்வாள்:

“எங்க அண்ணன் அனுப்புன சீரு. மத்த அண்ணன்மாரு வண்டியில அனுப்புவாக. இவுக தண்ணியில அனுப்புனாக.”