வளர்ந்துவிட்டதற்குச் சான்று

மனிதர்களுக்கு வயது ஏறுவது இயற்கை. ஏறிவிட்டது என்று பதிவேட்டில் ஒப்புக்கொள்வது நடிகர் பதிவு அலுவலகத்தின் கடமை. இயற்கை தன் பங்கைத் தாராளமாகவே செய்துவிட்டது, அலுவலகம்தான் இன்னும் செய்யவில்லை என்பது பொடிசின் குறை.

பொடிசுக்கு முப்பத்தாறு வயது. முன்னால் தொப்பை, பின்மண்டையில் வழுக்கை, இரண்டாம் வகுப்பு படிக்கும் ஒரு மகள். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. எட்டு வயதில் ஒரு டி.வி. நகைச்சுவைத் தொடரில் பொடிசு என்ற வாலுப் பையனாக நடித்துத் தொலைத்ததிலிருந்து, கட்டிய மனைவி உட்பட யாரும் அந்தப் பெயரைச் சீந்துவதில்லை. தொடரில் பொடிசு ஜாடியை உடைப்பான், அப்பாவின் செருப்பை ஒளித்து வைப்பான். மாட்டிக்கொண்டதும் தோளைத் தொங்கப்போட்டு, கீழுதட்டைப் பிதுக்கி, முதுகுக்குப் பின்னால் விரலைக் காட்டி, "நான் செய்யல. என் நிழல் செஞ்சுது" என்பான்.

தொடர் முடிந்து இருபத்தைந்து வருடமாகியும் கடைக்காரர், பஸ் கண்டக்டர், பல் டாக்டர் என்று ஒருவர் பாக்கியில்லாமல் அதைச் சொல்லச் சொல்லிக் கேட்டார்கள். பல் டாக்டர், கருவியை வாயில் வைத்துக்கொண்டே கேட்டார். பொடிசு ஒருவருக்கும் சொன்னதில்லை. தொடருக்குப் பிறகு அவருக்கு வேஷமும் கிடைக்கவில்லை. "உங்களப் பாத்தாலே சிரிப்பு வருது தம்பி" என்று இயக்குநர்கள் வாயெல்லாம் பல்லாகச் சொல்லி அனுப்பினார்கள். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்துப் பிழைத்தார்.

அப்படிப்பட்டவருக்கு ஒரு நாள் அழைப்பு வந்தது. புதுத் தொடரில் அப்பா வேஷம். மகளிடம் கோபித்துக்கொண்டு, மூடிய கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து அழுகிற அப்பா. பொடிசுக்குத் தலைகால் புரியவில்லை. தன் முகத்தைப் பார்த்து ஒரே ஒரு தடவையாவது யாரும் சிரிக்காமல் இருக்க வேண்டும், செத்துப்போவதற்குள் அவருக்கு இருந்த ஆசை அது ஒன்றுதான். ஒரே ஒரு சிக்கல். அவருடைய நடிகர் அட்டையில் 'பிரிவு: குழந்தை' என்று இருந்தது. குழந்தைப் பிரிவு அட்டைக்காரர் அப்பாவாக நடிப்பது விதிப்படி குற்றம். ஒன்றாம் தேதி படப்பிடிப்பு, அதற்குள் மாற்றிக்கொண்டு வரச் சொல்லிவிட்டார் இயக்குநர்.

அலுவலகத்தில் கவுன்டர் குமாஸ்தா அட்டையைப் பார்த்தார். பிறகு பொடிசைப் பார்த்தார்.

"வளர்ந்துட்டீங்கன்னு ஆதாரம் ஏதாவது இருக்கா?"

முழு உருவமும் தெரியட்டும் என்று பொடிசு இரண்டடி பின்னால் தள்ளி நின்றார்.

"இது ஆதாரம் இல்ல சார். இது நீங்க. ஆதாரம்னா காகிதம்."

"பிறப்புச் சான்றிதழ் கொண்டாந்திருக்கேன்."

"அது பிறந்ததுக்கு. பிறந்தவங்க எல்லாரும் வளர்ந்துடுறாங்களா?"

"கல்யாணச் சான்றிதழ்?"

குமாஸ்தா பெருமூச்சு விட்டார். "எனக்கும்தான் கல்யாணம் ஆயிருக்கு. அத வச்சு எதையும் நிரூபிக்க முடியாது சார். அதுவுமில்லாம, குழந்தைப் பிரிவுல இருக்கறவங்க நேர்ல விண்ணப்பிக்கக் கூடாது. அப்பாவக் கூட்டிட்டு வாங்க."

ஆகவே மறுநாள், எழுபது வயது அப்பா கைத்தடியோடு வந்து, பையனைப் பள்ளி நேரத்தில் நடிக்க அனுப்புவதில்லை என்று உறுதிமொழி எழுதிக் கையெழுத்திட்டார். அதன் பிறகே கோப்பு மேலதிகாரி அம்மாளின் மேசைக்கு நகர்ந்தது.

"நேத்து சாயங்காலம்கூட உங்கள டி.வி.யில பாத்தேன்" என்றார் அம்மாள். "எட்டு வயசுக்கு மேல மதிக்க முடியாது."

"அது பழசு மேடம். திரும்பப் போடுறாங்க."

"நேத்து வந்துச்சா, இல்லையா?"

"வந்துச்சு."

"அப்ப நேத்து வரைக்கும் நீங்க குழந்தையாத்தான் நடிச்சிருக்கீங்க. கோப்புல வேற எப்படி எழுதறது?"

பொடிசு கையைப் பிசைந்துகொண்டு நின்றதில் அம்மாளுக்கு மனம் இளகியது. வளர்ச்சி மதிப்பீட்டுக் குழுவுக்குப் பரிந்துரை செய்தார். குழுவின் நடைமுறை எளிமையானது. விண்ணப்பதாரர் தம் பழைய வசனத்தைக் குழுவின் முன் பேசிக்காட்ட வேண்டும். வளர்ந்த ஆளுக்குக் குழந்தை நடிப்பு வராது. வராவிட்டால் வளர்ந்துவிட்டார் என்று பொருள், அட்டை கையில். தேறுவதற்குத் தவறினால் போதும் என்று சொல்கிற அலுவலகம் உலகத்தில் வேறெங்கும் இருக்க வாய்ப்பில்லை.

வீட்டில் விஷயத்தைக் கேட்ட மனைவி நிம்மதியானார். "கேவலமா நடிக்கணும், அவ்வளவுதானே. உங்களுக்கா வராது?"

"சொல்றதுக்கே பிடிக்கலம்மா. உனக்குத் தெரியாது. அப்ப நடிக்கறப்ப எதிர்ல யாருமே சிரிக்க மாட்டாங்க."

"ஊரே சிரிச்சுதே."

"டி.வி.யில சிரிச்சுது. செட்ல மூச்சு விடக்கூடாது. வசனத்தச் சொல்லிட்டு மனசுக்குள்ள நாலு எண்ணுடா, சிரிப்ப அப்புறமா சேத்துக்கறோம்பாங்க. மூணு வருஷம் எண்ணுனேன். ஒரு ஆள் சிரிச்சுக்கூட நான் காதால கேட்டதில்ல."

மனைவி எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, "சரி, சொல்லுங்க" என்றார். பொடிசு சொன்னார். "இன்னும் மோசமா" என்றார் மனைவி. ஒரு வாரப் பயிற்சியில், மின்கட்டண ரசீதைப் படிப்பவர் போல அந்த வசனத்தைச் சொல்ல அவருக்குக் கைவந்துவிட்டது.

மதிப்பீட்டு நாளில் எல்லாக் கவுன்டரிலும் 'அவசர அலுவல்' என்று பலகை தொங்கியது. குழுவில் ஐந்து பேர். கூடத்தில் இருநூறு பேர். குமாஸ்தா ஜன்னலோரம் இடம் பிடித்திருந்தார், மேலதிகாரி அம்மாள் முன்வரிசையில் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். மாதக்கணக்கில் தங்கள் காகிதத்துக்கு அலைந்தவர்களும் வரிசையை விட்டுவிட்டு வந்து தரையில் உட்கார்ந்திருந்தார்கள். ஓய்வூதியத்துக்காக எட்டு மாதமாய் நடக்கும் முன்னாள் ஒப்பனைக்கார அம்மா ஒருவர், தன் மனுவாலேயே விசிறிக்கொண்டிருந்தார்.

பொடிசு எழுந்து நின்றார். "நான். செய்யல" என்று ரசீதுக் குரலில் ஆரம்பித்தார். பயிற்சி வீண்போகவில்லை. கூடத்தில் முகங்கள் தொங்கிப்போயின. குமாஸ்தா பரிதாபமாகப் பார்த்தார்.

"ம், மிச்சத்தையும் சொல்லுங்க" என்றார் குழுத் தலைவர்.

இன்னும் மூன்றே வார்த்தை. அதையும் கெடுத்திருந்தால் அட்டை கிடைத்திருக்கும். ஆனால் சிரிக்கத் தயாராக வாயைத் திறந்து வைத்திருக்கும் இருநூறு பேரை எதிரே வைத்துக்கொண்டு மோசமாக நடிப்பதற்கு வேறு மாதிரி ஆள் வேண்டும். பொடிசின் தோள் தானாகத் தொங்கியது. கீழுதடு பிதுங்கியது. விரல் முதுகுக்குப் பின்னால் போனது.

"என் நிழல் செஞ்சுது."

பழக்கதோஷத்தில் மனதுக்குள் எண்ண ஆரம்பித்தார். ஒன்றைத் தாண்டவில்லை, கூடம் அதிர்ந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, ஒருவர் தோளில் ஒருவர் விழுந்து சிரித்தார்கள். இருபத்தெட்டு வருடம் தாமதமாக வந்து சேர்ந்த சிரிப்பு. பொடிசுக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று கேட்டார்கள். ஏழு தடவை சொன்னார்.

தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு தீர்மானத்தை வாசித்தார். "மேற்படி விண்ணப்பதாரர் எவ்வித வளர்ச்சியும் அடையவில்லை என இக்குழு ஏகமனதாகக் கண்டறிகிறது. விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது. அடுத்த மதிப்பீடு ஓராண்டுக்குப் பின்." அதற்கும் கைதட்டினார்கள்.

அப்பா வேஷம், முறையான பெரியவர் அட்டை வைத்திருந்த இருபத்திரண்டு வயது இளைஞருக்குப் போனது. தலைக்கு வெள்ளை அடித்துக்கொண்டு அவர் மூடிய கதவுக்குப் பின்னால் அழுதார்.

மதிப்பீட்டுக்கு மறுநாள் காலையே பொடிசு மறுபடியும் கவுன்டருக்கு வந்தார். குமாஸ்தா குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"கவலப்படாதீங்க சார். மேல்முறையீடு பண்ணுங்க. நடிச்செல்லாம் காட்ட வேண்டாம், காகிதத்த வச்சே முடிச்சுடுவாங்க. அட்டை கண்டிப்பா கிடைச்சுடும்."

பொடிசு கொஞ்சம் தயங்கினார். "அது இருக்கட்டும். அடுத்த வருஷ மதிப்பீட்டுக்கு இப்பவே பேர் கொடுக்கலாமா?"

"கொடுக்கலாம். அப்பா கையெழுத்து வேணும்."

பின்னால் வரிசையில் இருந்தவர்கள் காதில் இது விழுந்துவிட்டது. அவரவர் படிவத்தைப் பைக்குள் திணித்துக்கொண்டு, அடுத்த வருட மதிப்பீட்டைப் பார்க்க இடம் கேட்டு முண்டியடித்தார்கள். குமாஸ்தா ஒரு வெள்ளைத்தாளை எடுத்துக் கட்டம் போட்டு, எண் எழுதி, முத்திரை குத்தி, கிழித்துக் கிழித்து நீட்டினார். ஆளுக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை. அந்த அலுவலகத்தில் கேட்ட நாளிலேயே கைக்கு வந்த முதல் காகிதம் அதுதான்.

ஒப்பனைக்கார அம்மாவின் முறை வந்தது.

"உங்க ஓய்வூதியக் கோப்பு இன்னும் மேசைக்கு வரலம்மா" என்றார் குமாஸ்தா. "இதுல முன்வரிசை வேணுமா, பின்வரிசையா?"

அம்மா ஒரு கணம் யோசித்தார்.

"முன்வரிசையே குடுங்க."