பூச்சி அங்கிளின் ஒற்றைக் குடுவை

யுத்த காலத்தில் கொழும்பு வெள்ளவத்தை லொட்ஜுகளில் கிடந்த அத்தனை பேரிலும், ஈயைக் கண்டால் சந்தோஷப்பட்ட ஒரே மனிதர் பூச்சி அங்கிள்தான்.

யாழ்ப்பாணத்திலிருந்து கண் ஒப்பரேஷனுக்கென்று ஒரு கிழமைக்கு வந்தவர். பாதை மூடிவிட்டது. ஊர்க் கப்பலில் இடம் கேட்டு மாதக்கணக்காக எங்கள் லொட்ஜில் இருந்தார். அவர் ஜன்னலில் ஒரு செடி. இலை நுனியில், மூடி போட்ட சின்னச் செம்பு மாதிரி, ஒற்றைக் குடுவை.

"மூடி எப்ப அங்கிள் டப்பெண்டு மூடும்?"

"மூடாது தம்பி. அது மழைக்குக் குடை. விளிம்பில இனிப்பு இருக்கு. நக்க வாற எறும்பு வழுக்கி விழும். உள்சுவரிலயும் கால் பிடிக்காது. அடியில கிடக்கிற தண்ணி ஆளைக் கரைச்சுப்போடும். கோதுதான் மிஞ்சும்."

"அப்ப எங்கட லொட்ஜ் மாதிரித்தான்."

அவர் சிரிக்கவில்லை. "என்ர மனுசி முப்பது வருஷமா இதைக் கரும்பலகையில கீறிப் படிப்பிச்சவ. எங்கட பக்கம் இது முளைக்காது. ஒருநாளும் கண்ணால கண்டதில்லை. கொண்டுபோய்க் காட்டவேணும்."

சோதனைக்கு வந்த பொலிஸ்காரர் ஒருநாள் குடுவைக்குள் டோர்ச் அடித்து, "மே மொகக்த?" என்று இது என்னவென்று சிங்களத்தில் கேட்டார். அங்கிள் ஒரு எறும்பைப் பிடித்துப் போட்டு, பாதி சிங்களத்திலும் பாதி தமிழிலும் முழுப் பாடமும் நடத்தினார். வந்தவர்கள் எங்கள் பெட்டிகளைக் கிளற மறந்தே போனார்கள்.

கப்பல் விஷயமாக ஒருவரைப் பிடிக்க அவர் வத்தளைக்குப் போனபோது, செடி என் பொறுப்பு.

"ஒண்டும் குடுக்கவேண்டாம். பசிச்சா அதுவே பிடிக்கும்."

நான் கேட்பேனா? விடாத மழை. ஒரு பூச்சியும் இல்லை. பாவம் என்று என் மட்டன் ரோல்ஸில் ஒரு நுனியைக் கிள்ளிப் போட்டேன். மூன்றாம் நாள் குடுவை கறுத்து, நாறியது.

நாலாம் நாள் அங்கிள் படியேறி ஓடிவந்தார். "தம்பி, இடம் கிடைச்சிட்டுது! நாளைக்கே வெளிக்கிடவேணும்!"

பிறகு ஜன்னலைப் பார்த்தார்.

"ரோல்ஸ், அங்கிள்," என்றேன்.

"எண்ணெயில பொரிச்சதோ?" என்று மட்டும் கேட்டார். சவர பிளேட்டால் குடுவையை நெடுக்காகப் பிளந்து, கொப்பித் தாள்களுக்குள் வைத்து அமத்திக் கொண்டுபோனார்.

இரண்டு மாதம் கழித்து ஒரு கடிதம் வந்தது. உள்ளே பென்சில் படம். மூடி, இனிப்பு விளிம்பு, வழுக்குச் சுவர், எறும்புக் கோது என்று ஒவ்வொன்றுக்கும் கோடு இழுத்துப் பெயர். அடியில் ஒரு கறுப்புக் கட்டிக்கும் கோடு: "மட்டன் ரோல்ஸ். ஏழாம் அறைத் தம்பி ஊட்டியது." அதற்குக் கீழே அவர் மனுசியின் ஆசிரியை முத்தெழுத்தில்: "இவர் பக்கத்தில் இருந்து சொல்லச் சொல்லக் கீறினேன்."

இன்றைக்கும் ரோல்ஸ் வாங்கினால் கை தானாக ஒரு நுனியைக் கிள்ளிவிடும். பிறகுதான் ஜன்னலில் ஒன்றுமில்லை என்று ஞாபகம் வரும்.