தோட்டா மாமாவும் பன்னிரண்டாவது பெண்ணும்

தோட்டா மாமா அளவுக்கு ஓயாமல் சுட்டவர் நாஞ்சில் நாட்டில் வேறொருவர் இல்லை. அம்மாவின் ஒரே தம்பியான அவர், எல்லையில் நின்று எதிரிகளை வீழ்த்துகிறார் என்றே எங்கள் குடும்பம் நம்பியது. எத்தனை பேரை என்பதில்தான் உறவினரிடையே கருத்து வேறுபாடு. அந்தப் பாவம் கழியட்டும் என்று அம்மா மாதந்தோறும் சுசீந்திரம் கோயிலில் விளக்கேற்றினாள்.

விடுப்பில் வந்தபோது அவர் நடந்துகொண்ட விதமும் அந்த நம்பிக்கைக்கு உரமிட்டது. குக்கர் விசிலடிக்கும் முன்பே காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு சுவருக்குப் பின்னால் போய்விடுவார். ஒரு தீபாவளிக்கு ராக்கெட்டுகளில் பாதியை ஃபிரிட்ஜில் வைத்தார். மீதியை மொட்டைமாடி வெயிலில் காயவிட்டார். பிறகு ஒன்று மாற்றி ஒன்றாக ஏவி, எது தென்னையைத் தாண்டியது, எது தாண்டவில்லை என்று நோட்டில் குறித்துக்கொண்டார்.

"கொன்னு கொன்னு மூள கலங்கிட்டு, பாவம்" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

இந்தப் புகழோடு பெண் தேடியதில் பதினொரு வீடுகள் பின்வாங்கின. அவருக்கு நாற்பத்தொரு வயது. பன்னிரண்டாவதாக அருமனையில் ஒரு கணக்கு டீச்சர். இதுவும் தவறினால் இனித் தேட வேண்டாம் என்று மாமா சொல்லிவிட்டார்.

"ஏலே, அங்க வந்து வாயத் தெறக்காத. எல்லாம் நான் பேசிக்கிடுதேன்" என்று காரிலேயே அம்மா மாமாவை எச்சரித்தாள்.

ரப்பர் தோட்டத்து நடுவே வீடு. காப்பியும் நேந்திரங்காய் சிப்ஸும் வந்தன. பெண்ணின் தகப்பனார் மாப்பிள்ளையைத் தவிர எல்லோரையும் விசாரித்தார். டீச்சர்தான் மாமாவை நேராகப் பார்த்துக் கேட்டார்.

"நீங்க எத்தன பேரச் சுட்டிருக்கீங்க?"

"ஒருத்தரையும் இல்ல. மண்மேட்டத்தான் சுட்டேன்."

அப்போதுதான் எங்களுக்கே விஷயம் தெரிந்தது. வடக்கே ஒரு தோட்டாத் தொழிற்சாலையின் சோதனைக்கூடத்தில் அவருக்கு வேலை. இரும்புச் சட்டத்தில் துப்பாக்கிக் குழலைப் பூட்டி, சுவருக்குப் பின்னால் நின்று கயிற்றை இழுக்க வேண்டும். பாலைவனத்துக்கும் பனிமலைக்கும் ஒரே தோட்டா போவதால், அதைச் சூடாக்கியும் குளிரவைத்தும் சுட்டுப் பார்ப்பார்களாம்.

"இத்தன வருசமா ஏம்லே சொல்லல?" என்றாள் அம்மா.

"யாரு கேட்டா, அக்கா?"

அதன்பின் அவரை நிறுத்த முடியவில்லை. "பழைய தோட்டா கனம், பாத்துக்கிடுங்க. சுட்டா தோளப் போட்டு இடிக்கும். அதச் சிறுசாக்கி வேகத்தக் கூட்டினா, அதே சொமைக்கு ரெட்டிப்பு கொண்டு போவலாம்." சிப்ஸுகளை வரிசையாக அடுக்கி, போகப்போகத் தோட்டா தரையை நோக்கிச் சரியும் பாதையைத் தட்டிலேயே காட்டினார். எங்களோடு வந்திருந்த கல்யாணத் தரகர் எழுந்து முற்றத்துக்குப் போய்விட்டார். அம்மா கைப்பையைத் தேடினாள்.

"எட கொறஞ்சா காத்து தள்ளாதா?" என்றார் டீச்சர்.

மாமா அடுக்குவதை நிறுத்தினார். எங்கள் வீட்டில் ஒருவரும் அவர் பேச்சை அதுவரை பின்தொடர்ந்ததில்லை.

"தள்ளும்" என்றார் மெதுவாக. "தூரம் கூடக்கூட நல்லாத் தள்ளும்."

"அப்ப எப்படிக் குறி வைப்பாங்க?" என்று டீச்சர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஏட்டி, காப்பி ஆறுது" என்றார் தகப்பனார்.

"ஆறட்டும்ப்பா."

நான்காம் மாதம் கல்யாணம். அம்மாவும் தரகரும் இன்று இல்லை. மயிலாடி வீட்டில் மாமாவும் அத்தையும் இருக்கிறார்கள். அவர் சொல்லிக்கொண்டிருக்கிறார், அத்தை கேட்டுக்கொண்டிருக்கிறார்.