ஒரு வகுப்பும் விடாதவர்

"எல்லா வகுப்புக்கும் வந்தவங்க எத்தனை பேர்?"

"முந்நூத்திப் பன்னெண்டு, சார்."

"நம்ம ஆபீஸ்ல மொத்தமே அவ்வளவு பேர்தானேய்யா!"

இயக்குநரின் மேசையில் இருந்தது ஒரே ஒரு கேடயம். 'பயிற்சி வகுப்பு அனைத்துக்கும் வந்தவர்' என்று பொறித்து, பெயருக்கு இடம் விட்டிருந்தார்கள். ஜனவரியில் ரிப்பன் வெட்டி அந்தத் திட்டத்தைத் தொடங்கி வைத்தவர் இயக்குநர்தான். பிறகு அந்தப் பக்கம் போகவில்லை. விழா நான்கு மணிக்கு.

"நாலு மணிக்குள்ள பேர் வரலைன்னா, நீர் பழைய ஃபைல் ரூமுக்குப் போயிடும்" என்றார்.

எதிரே நின்ற தரவுத்தளப் பிரிவின் தலைவரை அலுவலகமே 'அல்ஜீப்ரா' என்று கூப்பிட்டது. கேலி என்று தெரியாமல் அவர் அதை விருதாக ஏற்றுக்கொண்டிருந்தார். "மனுஷன் பொய் சொல்லுவான். ரிலேஷனல் அல்ஜீப்ரா சொல்லாது" என்பது அவர் தினசரி வாக்கு. பட்டியல்களைச் சேர்த்துக் கழித்து விடை காணும் அந்தக் கணக்கின் மேல் அவ்வளவு நம்பிக்கை.

"சிம்பிள் சார். ஒவ்வொரு ஊழியரையும் ஒவ்வொரு வகுப்போட ஜோடி சேக்கறோம். வந்த ஜோடியைக் கழிச்சா, மட்டம் போட்டவங்க சிக்குவாங்க. அவங்களை ஊழியர் லிஸ்ட்ல கழிச்சா, மிச்சம் நம்ம ஆள்."

"மிச்சத்துல என் மச்சானும் இருக்கானே! அவன் ஆபீஸுக்கே வர மாட்டான்யா!"

அல்ஜீப்ரா வியர்வையோடு இருக்கைக்கு ஓடினார்.

"சார், அட்டவணையை எல்லாம் ஒரு தடவை திறந்து பாத்துடலாமா?" என்றார் அவருடைய உதவியாளர்.

"தொட்டுப் பாக்கறது குமாஸ்தா வேலைம்மா. நாம ஃபார்முலா ஆளுங்க."

ஊழியர் பட்டியலில்தான் கோளாறு என்று முடிவு கட்டி, பழைய பிரதியை ஏற்றினார். விடை ஐந்நூற்று நாற்பது ஆனது. மூன்று வருடத்துக்கு முன் போய்ச் சேர்ந்த கணக்கதிகாரியும் ஒரு வகுப்பு விடாமல் வந்து சேர்ந்திருந்தார்.

மூன்றே முக்கால். கடைசி முயற்சியாக, மட்டம் போட்டவர்களின் பட்டியலை மட்டும் கணினியிடம் கேட்டார். திரையில் பூஜ்யம். அதைத் தூக்கிக்கொண்டு இயக்குநரிடம் ஓடினார்.

"சார்... ஒருத்தர்கூட ஒரு வகுப்பும் மட்டம் போடலை."

இயக்குநர் முகம் மெல்ல மலர்ந்தது. "நான் தொடங்கி வெச்சா அப்படித்தான்யா! கேடயம் எனக்கே இருக்கட்டும். விழாவைப் பயிற்சி ஹால்லயே வெச்சுக்கலாம். சாவி யார்கிட்ட?"

துப்புரவுப் பணியாளர் அக்கா, துருப்பிடித்த சாவியை இடுப்பிலிருந்து எடுத்து நீட்டினார்.

"அக்கா, கேட்டீங்களா? வருஷம் பூரா ஒருத்தர்கூட மட்டம் போடலையாம்!" என்றார் இயக்குநர்.

"ரிப்பன் வெட்டின அன்னிக்குப் பூட்டினது, இன்னும் திறக்கவே இல்லை. வகுப்பு நடந்தாத்தானே சார் மட்டம் போட முடியும்?"