என் அறைக்கு எண்பத்தைந்து ரூபாய்

இந்த வீட்டில் எனக்கென்று தனியாக ஓர் அறை கட்டியே தீருவது என்று 1938 தை மாதம் முடிவு செய்தேன். அதை மனைவியிடம் சொல்ல மாசி ஆகிவிட்டது.

நான் தருமபுரியில் ஒரு புளி மண்டியில் கணக்கு எழுதுகிறவன். கூச்ச சுபாவம். வீட்டுக்கு யாராவது வந்தால் கையை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாது. என் மனைவி நஞ்சம்மாள் பிறந்த ஊர் பென்னாகரம். அந்த ஊரில் அவளுக்கு உறவில்லாதவர் யாரும் இல்லை. அவர்களில் தருமபுரிச் சந்தைக்கு வராதவரும் யாரும் இல்லை. சந்தை நாளில் நான் ராகிக் குதிருக்குப் பின்னால் உட்கார்ந்துகொள்வேன். குதிர் குட்டை. தலை வெளியே தெரியும். வந்தவர்கள் எல்லோரும் என் தலையை நலம் விசாரித்துவிட்டுப் போவார்கள்.

ஆகவே மேற்குச் சுவரை ஒட்டிப் பத்தடிக்கு எட்டடியில் ஓர் அறை. மண் சுவர், நாட்டு ஓடு, ஒரு ஜன்னல், ஓர் அலமாரி. கதவைச் சாத்தினால் உள்ளே நான் ஒருவன். செலவு எண்பத்தைந்து ரூபாய். அதற்கு மேல் ஒரு தம்பிடி கிடையாது.

சண்டையை எதிர்பார்த்தேன். ஏனென்றால் அவள் தம்பி காளியன் அவளுக்கு ஒரு பசு தருவதாகச் சொல்லி ஐந்து வருஷமாகிறது. மாடு வந்தால் மாட்டைப் பார்க்க ஆள் வரும். கட்ட இடமில்லை என்ற ஒரே பதிலால் அந்தப் பசுவைப் பென்னாகரத்திலேயே நிறுத்தி வைத்திருந்தேன்.

“கட்டுங்க. ஆம்பளைக்கும் ஒரு எடம் வேணுமில்லீங்களா” என்றாள்.

கல்யாணமான நாளிலிருந்து நான் இவ்வளவு சுருக்கமாக ஜெயித்ததில்லை. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். என் வேலை கூட்டல் கழித்தல். சந்தேகம் அவள் இலாகா.

கொத்தனார் ஆண்டி வந்தார். நஞ்சம்மாள் அவருக்கு மோர் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றாள். மண் தரை என்றால் எனக்கு வாதம் வரும், கல் பாவ வேண்டும் என்றாள். கல்லைக் கழுவினால் தண்ணீர் நிற்கக்கூடாது. எனவே தரை கொஞ்சம் சரிவாக இருக்க வேண்டும், மூலையில் தண்ணீர் போக ஒரு துவாரம் வேண்டும். வாசலும் அகலமாக வேண்டும், கட்டில் போக. எங்கள் வீட்டில் கட்டில் கிடையாது என்று ஞாபகப்படுத்தினேன். வாங்குகிற அன்றைக்குச் சுவரை இடிப்பீர்களா என்று கேட்டாள். நியாயம்தான். கடைசியாகச் சுவரோரம் நீளமாக ஒரு கல் தொட்டி.

“தொட்டி எதுக்கு?” என்றேன்.

“உங்க கணக்கு நோட்டெல்லாம் போட்டு வெக்க.”

“நோட்டைத் தொட்டியிலயா போடுவாங்க?”

“மரப்பெட்டிய எலி கடிக்குதுன்னு சொன்னது யாரு? எலி கல்லக் கடிக்குமுங்களா?”

ஆண்டி புகையிலையைத் துப்ப வெளியே போனார். வெகுநேரம் திரும்பவில்லை.

கல் தரைக்காக ஜன்னலைக் கைவிட்டேன். தொட்டிக்காக அலமாரி போயிற்று. அகல வாசல் கதவையே விழுங்கிவிட்டது. ஆனால் மொத்தம் எண்பத்தைந்தைத் தாண்டவில்லை. அந்தப் பெருமையில், மீதி இருப்பது என்ன என்று நான் பார்க்கவில்லை. பக்கத்து வீட்டு ஜானகியம்மாள் பார்த்தாள். நல்ல அம்சம் என்று சொல்லிவிட்டு, “எப்ப வருதுங்க?” என்றாள். என்ன வருகிறது என்று கேட்டேன். நல்ல நாளைக் கேட்டதாகச் சொல்லிவிட்டு வேகமாக உள்ளே போய்விட்டாள்.

வைகாசியில் ஒரு வெள்ளிக்கிழமை புதுமனை புகுவிழா. கோடி வேட்டி கட்டி, கணக்கு நோட்டைக் கக்கத்தில் இடுக்கி, வலது காலைத் தூக்கினேன்.

“இருங்க. புது வூட்டுக்குள்ள மொதல்ல பசு நுழையணும்” என்றாள் நஞ்சம்மாள்.

வழக்கம்தான். மறுப்பதற்கில்லை. தூக்கிய காலைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினால், தெருவில் காளியன். அவன் கையில் கயிறு. கயிற்றின் மறுமுனையில், நான் ஐந்து வருஷமாகப் பென்னாகரத்தில் நிறுத்தி வைத்திருந்த பசு.

பசு வாசலில் நுழைந்தது. எந்தப் பக்கமும் இடிக்கவில்லை. நேராகத் தொட்டிக்குப் போனது. அதில் ஏற்கெனவே வைக்கோல் இருந்தது. தின்றுகொண்டே கோமியம் விட்டது. அது சரிவில் ஓடி, மூலைத் துவாரம் வழியாக ஒழுங்காக வெளியேறியது. ஆண்டியின் வேலை சுத்தம்.

சாங்கியம் முடிந்தது, வெளியே ஓட்டலாம் என்றேன்.

“வெள்ளிக்கிழமையும் அதுவுமா லட்சுமிய யாராச்சும் வெளிய ஓட்டுவாங்களா?”

“அப்ப நாளைக்கு.”

“சனிக்கிழமை லட்சுமிய வெளிய ஓட்டுனா, சனி உள்ள வருமுங்க.”

ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி நான் கேட்கவில்லை.

“பசு வேண்டாம்னு அத்தனை தடவை சொன்னேனே” என்றேன்.

“எடமில்லேன்னுதான் சொன்னீங்க. வேண்டாம்னு ஒருநாளும் சொல்லலீங்க.”

யோசித்துப் பார்த்தேன். கணக்கு சரியாகத்தான் இருந்தது.

அடுத்த சந்தை நாளில் பென்னாகரமே வந்துவிட்டது. எல்லோரும் நேரே மேற்கு அறைக்குப் போனார்கள். காளியன் பசுவின் கழுத்தைச் சொறிந்துகொண்டே கேட்பது எனக்குக் கேட்டது.

“ஏன்க்கா, மாமாவ எங்க கட்டியிருக்கறே?”

“குதிருக்குப் பின்னாலதான். எடம் மாத்துனா அது தீனி எடுக்காது.”