டைனமோ ரூம் நாற்காலிக்கு நடந்த காந்தப் போர்

"விடு கோதண்டம், காந்தத்த விடுன்றேன்!" என்று சவுரியம்மாள் முழங்கியும் விடாமல், கம்பிச்சுருளின் வாய்க்குள் அதை வேலெனப் பாய்ச்சினான் கோதண்டராமன்.

போற்றி, சுண்ணாம்புத் தொட்டி கலக்கிய சூரனே! முழங்கால் வெந்தும் முகம் சுளிக்காத மொய்ம்பனே, போற்றி! ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப் நடத்தும் நயீம் அகமது சாகிப் புதிதாய் வாங்கிய டைனமோவைக் காக்க ஒரே ஆள், ஒரே நாற்காலி. அங்கே நாற்றமில்லை, நனையும் காலில்லை. அந்த அரியணைக்கன்றோ இந்த அமர்!

காலையில் டைனமோ விற்ற மதராஸ் ஏஜெண்டு காந்தத்தைச் சுருளுக்குள் நுழைத்தபோது, சுருளோடு இணைத்த மீட்டரின் முள் வலப்புறம் துள்ளியதை எல்லோரும் கண்டனர். வெளியே இழுத்தால் எந்தப் பக்கம்? சரியாகச் சொல்பவருக்கே நாற்காலி என்று ஆணையிட்டார் சாகிப்.

"அதே காந்தம், அதே சுருளு. முள்ளு மட்டும் எதுக்கு அக்கா கட்சி மாறும்? வலதுதான்!" என்று கர்ஜித்தான் கோதண்டராமன்.

"இன்னாத்துக்கா? மாமியார் வூட்டுக்குப் போறப்போ சிரிக்கிற மூஞ்சி, திரும்பி வர்றப்பவும் அப்படியேவா கீது? இடதுதான்!" என்றாள் ஆவாரம்பட்டை இடித்து உரமேறிய தோளினளாகிய சவுரியம்மாள்.

வரும் காந்தத்தை வாசலிலே மறித்து, போகும் காந்தத்தை வேட்டி பிடித்திழுத்து, எதற்கும் எதிர்க்கட்சியே ஆடும் பிடிவாதமன்றோ தூண்டப்பட்ட மின்னோட்டம்! ஆதலின் சத்தியம் சவுரியம்மாள் பக்கமே நின்றது. நின்றென்ன? முள்ளும் நின்றதே!

இழுத்தான், அசையவில்லை. பிடுங்கி அவள் பாய்ச்சினாள், அசையவில்லை. ஒரே குளத்தில் இறங்கிய மதயானைகள் இரண்டெனக் காந்தத்தின் ஆளுக்கொரு முனை பற்றி, குத்தியும் உருவியும், வியர்வை ஆறாகிப் பாலாற்றுக்கே வெள்ளம் வருமோ என வேலைக்காரர் அஞ்ச, இருவரும் பொருதபோதும், ஏலகிரியென இருந்தது முள்.

எழுந்தார் சாகிப். இடியெனப் பிறந்தது தீர்ப்பு.

"ஏஜெண்டு கையில துள்ளிச்சு. நீங்க ஆட்டி ஆட்டி காந்தத்தோட பவரே கம்மி பண்ணிட்டீங்க! பேஜார் புடிச்சவங்களா, நாற்காலி யாருக்கும் இல்ல. அவன் தொட்டிக்குப் போவட்டும், நீ பட்டை இடிக்கப் போ!"

வீழ்ந்தது வீரம், கவிழ்ந்தன இரு தலைகள், அழுதது சுண்ணாம்பு.

சுருளின் கம்பி நழுவக் கூடாதென்று, ஏஜெண்டு போன பிறகு சாகிப்தான் அதன் இரண்டு முனைகளையும் தோல் துண்டால் சுற்றி மீட்டரில் முடுக்கியிருந்தார்; காய்ந்த தோலில் கரண்ட் ஓடாதே, முள் எப்படி அசையும்!