வாச்சருக்கு மூன்றாம் மாதம்

தேயிலை ஸ்டோரில் இரவுக் காவல் பார்க்கும் அழகுமுத்து மூன்று மாதக் கர்ப்பமாக இருப்பதாகக் கணினி சொன்னது. வினோதா கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடியும் பார்த்தாள். கணினி தன் பேச்சை மாற்றிக்கொள்ளவில்லை.

அழகுமுத்துவுக்கு ஐம்பது வயதாகிறது. மீசையை முறுக்கிவிட்டால் சிறுவர்கள் ஒதுங்கிப் போவார்கள். மகனுக்குக் கல்யாணம் செய்து கொழும்பில் குடிவைத்துவிட்டார். இந்த வயதில் அவர் இப்படி ஒரு காரியம் செய்வார் என்று யாரும் எதிர்பார்த்திருக்க முடியாது.

டயகமைக்கு மேலே இருக்கும் அந்தத் தோட்டத்தில் வினோதா நலன்புரி உதவியாளராகச் சேர்ந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. ஆறாவது மாதம் முடிந்ததும் அவளை நிரந்தரமாக்குவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று ஹட்டன் அலுவலகத்து ஷிஹாம் சேர் முடிவு செய்வார். அதற்கு அவர் வைத்த பரீட்சைதான் போன் வழியாக எடுக்கும் இந்தச் சுகாதாரக் கணக்கெடுப்பு.

படிவத்தை வினோதாவே செய்திருந்தாள். கேள்விகளைக் கிளை பிரித்து விடுவதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு. பெயரைத் தட்டச்சு செய்யத் தெரியாதவர்கள் திண்டாடக் கூடாதென்று, போன் யார் பெயரில் இருக்கிறதோ அந்தப் பெயர் தானாக விழும்படி வைத்தாள். ஆண் என்றால் குடி, புகை பற்றிய கேள்விகளுக்குப் போகும். பெண் என்றால் கர்ப்பமா என்று கேட்கும். ஆம் என்றால் இரும்புச்சத்து மாத்திரை, கிளினிக், வாந்தி மயக்கம் என்று ஒரு நீண்ட கிளைக்குள் இழுத்துக்கொண்டு போகும். அந்தக் கிளை முழுவதையும் அழகுமுத்து பொறுமையாகக் கடந்து வந்திருந்தார். வாந்தி உண்டு, காலையில் மட்டும்.

வினோதா நேராக அவருடைய லயத்து வீட்டுக்குப் போனாள். அழகுமுத்து வாசலில் குந்தியிருந்து பல் விளக்கிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, நான் அனுப்புன ஃபோமை நிரப்புனீங்களா?"

"என்னமோ வந்துச்சு மிஸ். பாட்டு கேட்டுக்கிட்டிருந்தேன். கண்ணாடி இல்லாம எதையோ அமுக்கிட்டேன் போல. ஏன், பெயிலா?"

"பெயில் இல்லண்ணே. நீங்க மூணு மாசம் முழுகாம இருக்கீங்கன்னு வந்திருக்கு."

அழகுமுத்து வாயிலிருந்த நுரையைத் துப்பினார். உள்ளே ரொட்டி சுட்டுக்கொண்டிருந்த அவர் மனைவி காளியாயி அடுப்பை விட்டு எட்டிப் பார்த்தாள்.

"பதிஞ்சது பதிஞ்சபடி இருக்கட்டுமே மிஸ்" என்றாள். "சத்துமா குடுப்பாங்கல்ல."

"வாயை மூடு" என்றார் அழகுமுத்து. "காலையில அத்தனை சனமும் கூடுற பெரட்டுக்களத்துல தெரிஞ்சா என் மானம் போயிரும்."

"நான் சரி பண்ணிடுறேண்ணே" என்று சொல்லிவிட்டு வினோதா திரும்பினாள்.

சரி பண்ணுவது அவ்வளவு சுலபமாக இல்லை. ஒருமுறை வந்த பதிலை அழிக்கும் அதிகாரம் ஹட்டனுக்கு மட்டுமே உண்டு. ஹட்டனிடம் சொன்னால் படிவம் பிழை என்று ஆகிவிடும். மிச்சமிருந்த வழி, கர்ப்பிணிகளுக்கு மாதாமாதம் போகும் தொடர் படிவம்தான். அதில் முதல் கேள்வி, 'இன்னும் கர்ப்பமாக இருக்கிறீர்களா?' என்பது. இல்லை என்று போட்டால் 'பிரசவமா, கருச்சிதைவா?' என்று கேட்கும். இரண்டில் ஒன்றைச் சொல்லாமல் அது நகராது. எவ்வளவு அக்கறையோடு இதை அமைத்தோம் என்று போன மாதம்தான் அவள் தன்னையே மெச்சிக்கொண்டிருந்தாள்.

இரண்டில் எதைப் போடுவதென்று அழகுமுத்துவிடம் போனில் கேட்டாள்.

"ரெண்டாவதைப் போடவே கூடாது மிஸ்" என்றார் அவர். "வீட்டுல அந்தப் பேச்சே ஆகாது."

"பிரசவம்னு போட்டா பிள்ளையோட எடை கேக்கும்ணே."

"பிள்ளைக்கு நான் எங்க போவேன்?"

யோசித்து யோசித்து, 'தவறுதலாகப் பதிவானது' என்று மூன்றாவதாக ஒரு கிளை வைத்தாள். அதைத் தொட்டால் வேறு கேள்வியே கிடையாது. நேராக நன்றி சொல்லி முடிந்துவிடும். படிவத்தை ஓர் ஆளுக்கு மட்டும் அனுப்ப வழியில்லாததால், பட்டியலிலிருந்த எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் சேர்த்தே அனுப்பினாள். அழகுமுத்துவுக்கு மட்டும், மூன்றாவதை அமுக்கும்படி தனியாக ஒரு தகவல் போட்டாள்.

மறுநாள் காலை பதில்களைத் திறந்தாள். தோட்டத்தில் நிஜமாகவே பிள்ளைத்தாய்ச்சியாக இருந்த ஒன்பது பெண்களும் தவறுதலாகப் பதிவானவர்கள் என்று வந்திருந்தது. அழகுமுத்து மட்டும் ஆம் என்றிருந்தார்.

ஒன்பது பேரில் ஒருத்தியான சண்முகவடிவை, கொழுந்து பறிக்க மலைக்குப் போகிற வழியில் மடக்கிப் பிடித்தாள். சண்முகவடிவுக்கு ஏழு மாதம். அதை மறைக்க அந்த மலைத்தொடரே போதாது.

"ஏன் வடிவு, தவறுதலான்னு போட்டே?"

"ஆமான்னு போட்டா கேள்வி மேல கேள்வியா வருதுங்க மிஸ். அதைப் போட்டா சட்டுனு முடிஞ்சிருதுன்னு எங்க ஒம்பது பேருல வேலாயிதான் சொல்லிச்சு. நேரத்துக்குப் பெரட்டுக்குப் போவணுமில்ல."

தேயிலைக்கு நடுவே குறுக்குப்பாதை கண்டுபிடிக்கிற சனத்துக்குப் படிவத்தில் கண்டுபிடிக்கத் தெரியாதா? அழகுமுத்துவிடமும் கேட்டாள்.

"நான் போனை எடுத்துப் பார்க்கிறப்பவே நன்றின்னு போட்டிருந்துச்சு மிஸ்" என்று அவர் பரிதாபமாகச் சொன்னார். "தூக்கக் கலக்கத்துல எதையோ அமுக்கியிருப்பேன்."

அந்த வாரம் ஹட்டனிலிருந்து சத்துமா வந்தது. ஒரே ஒரு பை, மேலே அழகுமுத்து என்று பெயர் ஒட்டியிருந்தது. ஒன்பது பெண்களும் வயிற்றைத் தள்ளிக்கொண்டு அலுவலகத்துக்கு வந்து நின்றார்கள். ஸ்டோர் வாச்சர் மேல் இருக்கிற அக்கறை தங்கள் மேல் இல்லையா என்று அவர்கள் கேட்ட கேள்விக்கு எந்தக் கிளையிலும் விடை இல்லை. வினோதா புதிய கிளையைப் பிடுங்கி எறிந்தாள். பிறகு ஒவ்வொருத்தியாக உட்கார வைத்து, தன் கையாலேயே ஆம் என்று அமுக்கி, ஒன்பது பேரையும் மீண்டும் கர்ப்பமாக்கினாள்.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. இரண்டு முறை தொடர்ந்து ஆம் என்று சொன்னவர் உறுதிப்படுத்தப்பட்ட கர்ப்பிணி என்று ஹட்டனில் ஒரு விதி இருந்தது. உறுதியானதும், ஸ்டோர் என்று தோட்டத்தில் சொல்லும் தேயிலைத் தொழிற்சாலைக்குத் தானாக ஒரு கடிதம் போகும்.

ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் சட்டத்துக்குப் பயந்தவர். கடிதத்தை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு அழகுமுத்துவை அழைத்தார்.

"ராத்திரி வேலை குடுக்கக் கூடாதாம். பாரம் தூக்க விடக் கூடாதாம். லேசான வேலைதான் தரணுமாம்."

"ஐயா, என்னைப் பாருங்க ஐயா."

"பார்க்கிறேன். ஆனா கடிதத்துல உன் பேருதானே இருக்கு? நாளைக்கு ஏதாச்சும் ஆனா யாரு பொறுப்பு?"

லேசான வேலை என்று தோட்டத்தில் இருந்தது, வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவில்தான். அழகுமுத்து மீசையோடு போய் அங்கே தொட்டில் ஆட்டினார். பெரட்டில் ஆளுக்கு ஆள் மாங்காய் கொண்டுவந்து கொடுத்தார்கள். எந்த மருத்துவமனையில் பேறு பார்ப்பதாக உத்தேசம் என்று கங்காணி குரலைத் தாழ்த்தி விசாரித்தார். எல்லாவற்றையும் அவர் தாங்கிக்கொண்டார். இரவுக் காவலுக்குக் கிடைத்த மேல்படி போனதைத்தான் தாங்க முடியவில்லை.

வினோதாவுக்கு அவரைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தோடு இருந்தபோதுதான் ஷிஹாம் சேரின் போன் வந்தது.

"வினோதா, உறுதியான கேஸ் ஒன்டு, ஆனா கிளினிக் பக்கமே வரல்லயாம். நாளைக்கு மிட்வைஃபையும் கூட்டிக்கிட்டு நானே வாறேன். வீட்டைக் காட்டுங்க."

"சேர், அதுல ஒரு சின்னச் சிக்கல்..."

"சிக்கலான கேஸ்தானே முக்கியம். உங்கட நிரந்தர விஷயமும் நாளைக்கே பேசிரலாம்."

மறுநாள் லயத்து வாசலில் பாதித் தோட்டம் கூடிவிட்டது. ஒடுக்கமான முன்னறையில் ஷிஹாம் சேருக்கும் மிட்வைஃப் பிரியந்திக்கும் நாற்காலி போட்டிருந்தார்கள். அழகுமுத்து குளித்துத் திருநீறு பூசி, கைகட்டி நின்றார். காளியாயி உள்ளே தேத்தண்ணி ஊற்றும் சத்தம் கேட்டது.

"பேஷண்ட் எங்க?" என்றாள் பிரியந்தி.

அழகுமுத்து தயங்கித் தயங்கிக் கையை உயர்த்தினார். வாசலில் யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்கள்.

ஷிஹாம் சேர் அவரை மீசையிலிருந்து பாதம் வரை பார்த்துவிட்டு வினோதா பக்கம் திரும்பினார். இனி ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை என்று அவளுக்குப் புரிந்தது. ஊரில், வட்டவளையில், அப்பா மகளுக்கு ஆபிஸ் வேலை என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லி வைத்திருப்பது நினைவுக்கு வந்தது.

"பிழை என்னோடதுதான் சேர்" என்றாள். "கிளை பிரிச்சதுல எங்கயோ தப்பு நடந்திருக்கு. எங்கன்னு எவ்வளவு தேடியும் தெரியல. அண்ணன் பாவம், அவருக்கு ஒண்ணும் இல்ல. இந்த வீட்டுல யாரும் கர்ப்பமில்ல சேர்."

"அப்ப மத்தப் பதில்களை மட்டும் எப்படி நம்புறது?" என்று கேட்டார் ஷிஹாம் சேர். அவர் கோபப்படவில்லை. பேனாவைத் திறந்து, படிவம் நம்பத்தக்கதல்ல என்று எழுத ஆரம்பித்தார். பிரியந்தி தன் பையை மூடிக்கொண்டு எழுந்தாள்.

காளியாயி தேத்தண்ணித் தட்டோடு வந்தாள். யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் தட்டை மேசையில் வைத்தாள். முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு, வினோதாவின் காதருகே குனிந்தாள். ஆனால் அந்தச் சின்ன அறையில் அது எல்லோருக்கும் கேட்டது.

"ஃபோமுல மாசத்தை மட்டும் திருத்திக்குங்க மிஸ், எனக்கு இப்ப நாலு ஆச்சு."